ஏழாம் பக்கம் எங்களுக்கும் பொருந்தும்

அனுப்புநர்:
பெண்கள் புறநோயாளர் பிரிவு, பதிவு எண் 2207.
(மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பணியாளர். இந்த மனு பல மேசைகளைக் கடந்து வர வேண்டியிருப்பதால் பெயரும் முகவரியும் ஒட்டிய உறையில் தனியாக வைத்திருக்கிறேன்.)

பெறுநர்:
நோயாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மனநல மருத்துவமனைகளின் தலைமை அலுவலகம்.

பொருள்: ஆண்கள் நான்காம் வார்டில் இருக்கும் ஒருவருக்குச் சிபிலிஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் உடனே செய்யக் கோருதல், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தின் ஏழாம் பக்கத்தை நிரப்பும் முறை குறித்த புகார்.

பார்வை: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு 22.10.2025 அன்று நான் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

1. இந்த மனுவை எழுதுபவர் ஒரு மனநோயாளி. பத்தாவது பத்தியில் அது தெரியவந்து, அதுவரை படித்ததையெல்லாம் தாங்கள் மறுபடி சந்தேகத்தோடு படிக்க நேரக்கூடாது என்பதால் முதல் வரியிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. மனச்சிதைவு நோய்க்காகப் பதினோரு ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருக்கிறேன். தற்போது மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், தம்பி குடும்பத்தோடு வசிக்கிறேன். குரல்கள் கேட்பது உண்டு. ஆனால் இந்த மனுவை எழுதச் சொன்னது அவை இல்லை. அவற்றுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

2. வேண்டுகோளை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பின்னால் வருகின்றன. ஆண்கள் நான்காம் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் ஐந்து மாதங்களாக இருக்கிறார். வெளியே இருந்தபோது செல்போன் பழுது பார்த்தவர். வார்டில் டிவி ரிமோட், மின்விசிறி ரெகுலேட்டர், செவிலியர்களின் சார்ஜர் என எது கெட்டாலும் அவரிடம்தான் போகும். அதனால் எல்லாரும் அவரை இன்ஜினியர் என்று கூப்பிடுகிறார்கள். நானும் இம்மனுவில் அப்படியே குறிப்பிடுகிறேன். அவருக்குப் பார்வை குறைந்துவருகிறது. அதற்குக் காரணம் சிபிலிஸ் என்னும் பால்வினை நோயாக இருக்கலாம். காலத்தில் மருந்து கொடுத்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு, தாமதித்தால் போனது திரும்பாமலே போகலாம் என்று பொது மருத்துவமனையின் தோல் மருத்துவர் என்னிடம் சொன்னார். ஆனால் இன்ஜினியருக்கு அந்தப் பரிசோதனையைச் செய்ய மறுக்கிறார்கள். அவருடைய படிவத்தின் ஏழாம் பக்கத்தில் 'பொருந்தாது' என்று இருப்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

3. தங்கள் அலுவலகம் வகுத்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்துக்கு ஒன்பது பக்கங்கள். தூக்கம், பசி, எடை, குரல்கள், பயம், சிகரெட் எல்லாம் முதல் ஆறு பக்கங்களில் வந்துவிடும். ஏழாம் பக்கம் பாலியல் நலம் பற்றியது. அதன் வெற்றுப் படிவத்தைச் சென்ற மாதம் எழுதிக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆறு கேள்விகள் இருக்கின்றன. துணை உண்டா, பாதுகாப்பு முறைகள் தெரியுமா, விருப்பமில்லாமல் யாரேனும் நடந்துகொண்டதுண்டா, புண் அல்லது தடிப்பு உண்டா, கருத்தடை பற்றி ஆலோசனை வேண்டுமா, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள விருப்பமா. நல்ல கேள்விகள். எழுதியவர் யாரோ, அவருக்கு என் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகளில் இவற்றில் ஒன்றைக்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை.

4. அந்தப் பக்கம் எப்படி நிரப்பப்படுகிறது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆறு பக்கங்கள் முடியும்வரை நான் நாற்காலியில் இருப்பேன். ஏழாம் பக்கம் வந்ததும் செவிலியர் பேனாவை மூடிவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்பார். கூச்சம் கருதி நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு, உடன் வந்தவரிடம் கேட்பது அங்கே வழக்கம். எனக்கு உடன் வருபவன் என் தம்பி. தடுப்பு பிளைவுட் பலகையால் ஆனது, மேலே ஓர் அடி திறந்திருக்கும். ஆகவே வெளியே உட்கார்ந்தாலும் உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். செவிலியர் ஆறு கேள்விகளையும் ஒன்றாக்கி, "இந்தப் பக்கத்துல இருக்கறது... அவங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார். தம்பி, "சேச்சே, அக்காவுக்கு அதெல்லாம் கிடையாதுங்க" என்பான். உடனே முத்திரை விழும் சத்தம் கேட்கும். நாளுக்கு எண்பது பேருக்கு ஆறாறு தடவை 'பொருந்தாது' என்று எழுதினால் கை என்னத்துக்கு ஆகும்? அதனால் பக்கத்தின் அகலத்துக்கே ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருக்கிறார்கள். ஊதா மை. மை காய்ந்திருந்தால் இரண்டு தடவை அழுத்துவார்கள். எனக்குப் பதினொரு முத்திரைகள் விழுந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்று, போன ஆண்டு கூடுதலாக ஒன்று, ஒரே ஓர் ஆண்டு முத்திரை தொலைந்துபோனதால் கையால் ஒரு குறுக்குக் கோடு.

5. என் தம்பியைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. பதினோரு ஆண்டுகளாக விடுப்பு எடுத்து, பைக்கில் என்னை உட்காரவைத்துக் கூட்டிவருகிறான். வாயில்லாப் பூச்சி. தன்னைவிடச் சின்ன வயதுச் செவிலியர் முன்னால், உடன்பிறந்தவளைப் பற்றி அப்படியொரு கேள்வி வந்தால் அவன் என்ன சொல்வான்? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்லியிருப்பான். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்று சொன்னான். அப்படிச் சொல்வதுதான் எனக்கு மரியாதை என்று நினைத்திருக்கிறான். இப்போது விஷயம் தெரிந்த பிறகு, "நான் வேற என்னக்கா சொல்லியிருக்கணும்?" என்று கேட்டான். அவன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை இணைப்பு இரண்டாக வைத்திருக்கிறேன்.

6. சென்ற ஆண்டு செப்டம்பரில் எனக்கு நோய் முற்றி, பத்தொன்பது நாட்கள் வீட்டைவிட்டு வெளியே இருந்தேன். அந்த நாட்களில் மூன்று இடங்களில் தங்கினேன். அவற்றில் ஒன்றில் கதவு இருந்தது, சாவி வேறொருவரிடம் இருந்தது. இதற்கு மேல் மனுவில் எழுத விரும்பவில்லை. தாங்கள் ஒரு பெண் அலுவலரை அனுப்பினால் அவரிடம் நேரில் சொல்வேன். கண்டுபிடித்துக் கொண்டுவந்த அன்று மருத்துவமனையில் எனக்குச் செய்தவற்றை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்: குளிக்கவைத்தார்கள், பேன் பிடித்திருந்த முடியை வெட்டினார்கள், எடை பார்த்தார்கள், பாதத்தில் இருந்த புண்ணுக்கு ஒன்பது நாள் கட்டுப் போட்டார்கள். மதிப்பீட்டுப் படிவத்தைப் புதிதாக ஒன்பது பக்கமும் நிரப்பினார்கள். ஏழாம் பக்கத்துக்கு நான் வெளியே உட்காரவைக்கப்பட்டேன். பத்தொன்பது நாள் நான் எங்கிருந்தேன் என்று தெரியாத தம்பி எனக்கு அதெல்லாம் கிடையாது என்றான். முத்திரை விழுந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று முதலில் எழுதினேன். உறுதியாகத் தெரியாததால் அடித்துவிட்டேன். ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

7. அதே ஆண்டு டிசம்பரில் என் முதுகிலும் வயிற்றிலும் செந்நிறத் தடிப்புகள் வந்தன. அரிப்பு இல்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உடம்பு முழுக்க வலி. மாதாந்தர வருகையின்போது, "உடம்புக்குள்ள என்னவோ புகுந்த மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை வேறு யார் சொல்லியிருந்தாலும் சட்டையை விலக்கிப் பார்த்திருப்பார்கள். நான் சொன்னதால், உடல் சார்ந்த மாயநம்பிக்கை என்று எழுதி ஒரு மாத்திரையைக் கூட்டினார்கள். பிப்ரவரியில் தடிப்பு தானாக மறைந்தது. மாத்திரை வேலை செய்ததாகக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. நானும் அதை நம்பினேன். என் மேல் எனக்கே சந்தேகம் வருவது பழகிப்போன விஷயம்.

8. இன்ஜினியருக்கும் எனக்கும் உள்ள உறவை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் இருவரும் சாப்பிடும் மாத்திரை ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதால், மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் எடுக்கும் வரிசையில் நான்கு ஆண்டுகளுக்கு முன் பழக்கம். எனக்கு நரம்பு கிடைக்காமல் ஊசியைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற அவர், "சிக்னல் வீக்கா இருக்கு, அந்தக் கையில பாருங்க" என்றார். இன்னொரு கையில் கிடைத்தது. கடைக்கு மேலே அவருக்கு ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அங்கே போவேன். அவர் சாலிடரிங் வைத்துக்கொண்டிருப்பார், நான் அவருடைய பூதக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பேன். கணவன் மனைவியாகத்தான் இருந்தோம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏனென்றால் இரண்டு வீட்டிலும் யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பத்தொன்பது நாள் கழித்து நான் திரும்பி, வார்டிலிருந்து வெளியே வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகள் முன்போலத் தொடர்ந்தன. தடிப்பு இருந்த மாதங்களிலும் தொடர்ந்தன. அவருக்கு இந்த ஆண்டு ஜூனில் நோய் திரும்பவும் கூடி, நான்காம் வார்டில் சேர்த்தார்கள்.

9. கடந்த செப்டம்பரில் என் உள்ளங்கைகளில் செம்புள்ளிகள் வந்தன. லென்ஸ் தேய்க்கும் தூளால் வந்திருக்கும் என்று கடை முதலாளி பொது மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே தோல் மருத்துவரிடம் நான் மனநோயாளி என்று சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதுபோலச் சாதாரணமாக, "உங்களுக்கு யார்கூடயாவது தொடர்பு இருக்காம்மா? கடந்த ஒன்றரை வருஷத்துல உங்க விருப்பம் இல்லாம ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டார். ஏழாம் பக்கத்தின் இரண்டு கேள்விகள் அவை. முன்பின் தெரியாத ஒருவர், ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டார். நான் அழுதேன். அவர் மேசையில் இருந்த தாள்களை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு சொன்னேன். ரத்தத்தில் சிபிலிஸ் இருப்பது உறுதியானது. எய்ட்ஸ் கிருமி இல்லை. வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசி அன்று அவர் சொன்னது: "உங்க துணையையும் கூட்டிட்டு வாங்க. அவருக்குக் கண்ணு, காது ஏதாவது தொந்தரவுன்னா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க."

10. தோல் மருத்துவர் கண் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன். ஏனென்றால் ஆகஸ்டு முதலே இன்ஜினியர் தன் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் கருப்பு நூல் மிதப்பதாகவும், வெளிச்சம் பார்த்தால் கூசுவதாகவும் சொன்னார். வயதாகிறது, பவர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். இது என் தொழில் சார்ந்த தவறு. என் கைக்கு வருவதெல்லாம் லென்ஸால் சரியாகும் கண்கள்தான். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை, அதாவது அக்டோபர் 16 அன்று, பார்வையாளர் நேரத்தில் கடையிலிருந்து படிக்கும் அட்டையும் பின்ஹோல் அட்டையும் எடுத்துப் போனேன். பின்ஹோல் என்பது கருப்பு அட்டையில் ஒரு சிறு துளை. பவர் குறைபாடாக இருந்தால் அந்தத் துளை வழியே பார்க்கும்போது எழுத்து தெளியும். அவருக்கு இடது கண்ணில் பாதிதான் தெளிந்தது, வலது கண்ணில் தெளியவே இல்லை. ஐந்தாவது வரியைப் படிக்கச் சொன்னேன். "அங்க வரி இருக்கா?" என்று கேட்டார். லென்ஸ் போட்டுச் சரிசெய்ய முடியாத கண் அது என்பதை இருபது வயது முதல் இந்தத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன். அன்றே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பத்தொன்பது நாள், சாவி, தடிப்பு, ஊசி, என்னிடமிருந்து அவருக்குப் போயிருக்கும் என்பது. அவர் கட்டிலின் இரும்புக் கம்பியை விரலால் சுரண்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "ஊசி ரொம்ப வலிச்சுச்சா?" என்றார்.

11. அன்று மாலையே வார்டுப் பணி மருத்துவரைப் பார்த்தேன். அவர் இன்ஜினியரின் கோப்பைத் திறந்து வாசித்துக் காட்டியவை வருமாறு:

கண்ணுக்குள் நூல் மிதக்கிறது என்று நோயாளி கூறியது ஆகஸ்டு மாதமே பதிவாகியிருக்கிறது. காட்சிப் பிரமை என்ற தலைப்பின் கீழ். அதற்காக இருமுறை மாத்திரை கூட்டப்பட்டிருக்கிறது.

'எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஞாயித்துக்கிழமை வருவா' என்று நோயாளி கூறியதும் பதிவாகியிருக்கிறது. காதல் சார்ந்த மாயநம்பிக்கை என்ற தலைப்பின் கீழ்.

அலுவலர் அவர்களே, அந்தப் பெண் நான்தான். ஆண்டுக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் படியேறிப் போனவளை அவருடைய நோயின் அறிகுறியாக எழுதிவைத்திருக்கிறார்கள். நான் இருக்கிறேன் என்பதற்கு ஆதாரமாக அடையாள அட்டையின் நகலை இணைத்திருக்கிறேன்.

இதில் என் தவறும் உண்டு. அதையும் ஒப்புக்கொள்கிறேன். வார்டில் உறவினரைத் தவிர வேறு யாரையும் பார்க்க விடமாட்டார்கள். பார்வையாளர் நோட்டில் உறவு என்ன என்ற கட்டத்தில், ஜூன் முதல் வாராவாரம் 'அத்தை மகள்' என்று எழுதிவந்தேன். முறைப்பெண் என்றால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும், யாரும் நோண்டமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பணி மருத்துவர் உறுதி செய்துகொள்ள இன்ஜினியரின் அண்ணனுக்குப் போன் செய்தார். அவர்தான் பொறுப்பாளராகக் கையெழுத்திட்டவர். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன். "எங்க அப்பாகூடப் பொறந்தது நாலும் ஆம்பளைங்க. அத்தையே இல்ல, அத்தை மகள் எங்கேர்ந்து சார் வந்தா? அவனுக்குப் பொண்ணுங்க சகவாசமெல்லாம் கிடையாது சார். அவன் ஒரு சாமியார் மாதிரி" என்றார் அவர். வேறு நேரமாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆக, அந்தப் பெண் இல்லை என்று குடும்பம் உறுதி செய்ததாகக் கோப்பில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. எழுதும்போது நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் கெட்டவர் இல்லை. களைத்திருந்தார். "நீங்களும் பேஷண்ட், அவரும் பேஷண்ட். ரெண்டு பேரும் ஒரே மாதிரி நம்பறது நடக்கறதுதாம்மா. ஏழாம் பக்கத்துல பொருந்தாதுன்னு இருக்கு, பொறுப்பாளரும் இல்லைங்கறார். நான் டெஸ்ட் எழுதினாலும் லேப்ல சீட்டைத் திருப்பிடுவாங்க" என்றார். தோல் மருத்துவர் கொடுத்த என் பரிசோதனை முடிவைக் காட்டினேன். "அது உங்க ரத்தம்தானேம்மா?" என்றார். பொய் உறவு எழுதியதற்காக அன்றோடு என் பார்வையாளர் அனுமதியும் ரத்தாகிவிட்டது. அவரைப் பார்த்து முப்பத்திரண்டு நாட்கள் ஆகின்றன.

12. அக்டோபர் 22 அன்று கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தேன். பதில் கடிதம் வரவில்லை. அடுத்த மாதாந்தர வருகையின்போது என் மனு என் கோப்பில் குத்தப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் 'தக்க சிகிச்சைக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். என் மருத்துவர், "ராத்திரி தூக்கம் வருதா? லெட்டர் எழுதணும்னு அடிக்கடி தோணுதா?" என்று பரிவோடு கேட்டார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் கோபப்பட்டால் அதற்கும் ஒரு தலைப்பு வைத்திருப்பார்கள் என்பதால் நன்றாகத் தூங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

13. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) இன்ஜினியருக்கு வழக்கமான மாதாந்தர ரத்தம் இம்மாதம் 20, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எடுக்கப்படும். புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை, தனியாக ஆள் வர வேண்டியதில்லை. ஆய்வகச் சீட்டில் சிபிலிஸ் என்ற கட்டத்தில் ஒரு டிக் கூடுதலாகப் போட ஆணையிட வேண்டும். அதோடு முடிவுக்குக் காத்திராமல் அன்றே கண் மருத்துவர் ஒருவர் அவரைப் பார்க்க வேண்டும். இந்த மனுவில் மற்ற எதையும் செய்ய முடியாமல் போனாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

(ஆ) ஏழாம் பக்கத்தை நோயாளியிடமே கேட்க வேண்டும். உடன் வந்தவரை வெளியே உட்காரவைக்கலாம், அந்த பெஞ்சு மோசமில்லை. கதவுள்ள அறையில், பெண்ணிடம் பெண் கேட்க வேண்டும். கேட்டால் நோயாளி கலங்கிவிடுவார் என்று ஒரு செவிலியர் என்னிடம் சொன்னார். கலங்குவோம். நானும் கலங்கினேன். கலங்கிய பிறகுதான் எனக்கு மருந்து கிடைத்தது. பதில் சொல்லும் நிலையில் இல்லாதவரை விட்டுவிடலாம். ஆனால் 'பொருந்தாது' என்று போடாமல், 'இன்னும் கேட்கவில்லை' என்று எழுதி அடுத்த மாதம் கேட்க வேண்டும். குறிப்பாக, வீட்டைவிட்டு வெளியே இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் கேட்காமல் விடக்கூடாது. போன ஆண்டு நான் சேர்க்கப்பட்டிருந்த வார்டில் மட்டும் அப்படித் திரும்பிவந்த பெண்கள் நான்கு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் பக்கங்களிலும் ஊதா மைதான் இருக்கும்.

(இ) அந்த ரப்பர் முத்திரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

(ஈ) இன்ஜினியரின் கோப்பில் என்னைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைத் திருத்த வேண்டும். இதற்கு அவசரமில்லை. நான் இருப்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

14. நோயாளியின் சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆள் சொல்லிப் பரிசோதனை செய்ய முடியாது என்று தாங்கள் கருதலாம். கருதத்தான் வேண்டும். ஆகவே அக்டோபர் 16 அன்று, நான் மருத்துவரைப் பார்க்கப் போகுமுன், இன்ஜினியர் தன் கையால் எழுதிக் கொடுத்த தாளை இணைப்பு நான்காக வைத்திருக்கிறேன். நுண்ணிய சர்க்யூட்டில் முடி கனத்துக் கம்பியைப் பற்றவைத்த கை அது. முதல் வரி கோட்டின் மேல் இருக்கிறது. இரண்டாவது வரி கீழே சரிகிறது. மூன்றாவது வரி இரண்டாவதன் மேலேயே ஏறிவிட்டது. கடைசி வரி தாளைத் தாண்டிப் போய், பாதி எழுத்து கட்டில் விரிப்பில் விழுந்தது. ஆகவே அதைத் தங்களால் படிக்க முடியாது. எழுதும்போது அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியதால் முழுவதையும் இங்கே தருகிறேன்:

"எனக்கு நெனவு தெளிவா இருக்கு. ரத்தம் எடுத்துப் பாருங்க, எனக்குச் சம்மதம். கண்ணு மங்குறது நெஜம். இத அவகிட்ட மறுபடி மறுபடி கேக்காதீங்க, அவ சொல்லி முடிச்சுட்டா."

வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வழக்கம்போல வரிசையில் நின்று கையை நீட்டுவார். என்னிடமிருந்து போன நோயால் அவருக்குக் கண் போய்விடக்கூடாது. அதற்குள் ஆணை பிறப்பிக்குமாறு தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்புகள்: 1. என் அடையாள அட்டை நகல். 2. தம்பியின் வாக்குமூலம். 3. பொது மருத்துவமனைப் பரிசோதனை முடிவும் ஊசிச் சீட்டும். 4. இன்ஜினியர் எழுதிய தாள் (அசல், வேறு பிரதி இல்லை, பத்திரம்).

நாள்: 17.11.2025
இடம்: உறையில் உள்ள முகவரி

உண்மை என உறுதி கூறி,
(ஒப்பம்)
பதிவு எண் 2207,
நான்காம் வார்டு ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவரின் துணைவி